முகவாதம் வந்தால் சென்னையில் என்ன செய்வது: முதல் மூன்று நாளும் அடுத்த மூன்று மாதமும்

காலையில் பல் தேய்த்து வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக வழிகிறது. கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, ஒரு கண் மூட மறுக்கிறது. முகவாதம் பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் தெரியவரும். எனக்கும் இப்படித்தான் தெரிந்தது. அன்று முழுக்க ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று பட்டிருக்கும் என்றார் ஒருவர், ஸ்கேன் எடு என்றார் இன்னொருவர், எண்ணெய் தேய் என்றார் மற்றொருவர். எதை முதலில் செய்ய வேண்டும், எது காத்திருக்கலாம் என்று வரிசையாகச் சொல்ல மட்டும் ஆள் இல்லை. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

இதில் காத்திருக்க முடியாத வேலைகள் இரண்டே இரண்டு. ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கண்ணை முதல் இரவிலிருந்தே காப்பாற்ற வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

நான் டாக்டர் இல்லை. கீழே மருந்தின் அளவு எழுதியிருப்பது, டாக்டர் எழுதித் தருவது உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக. அதைப் பார்த்து நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிவிடாதீர்கள்.

1. முதல் பத்து நிமிடம்: இது மூளையைத் தாக்கிய பக்கவாதமா என்று பாருங்கள்

கண்ணாடி முன் நின்று இரண்டு புருவத்தையும் மேலே தூக்குங்கள். முகவாதத்தில் பாதிக்கப்பட்ட பக்கம் நெற்றியில் கோடு விழாது, வழவழவென்று கிடக்கும். கண்ணை இறுக்கி மூடினால் அந்தப் பக்கம் இமை சேராது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில் பொதுவாக நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கும், கண்ணும் மூடும். வாய்ப்பக்கம் மட்டும்தான் தொங்கும்.

அடுத்து இரண்டு கையையும் நீட்டி உள்ளங்கையை மேலே காட்டிப் பிடியுங்கள். ஒரு கை இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா, சொல்ல வந்த வார்த்தை வராமல் தடுமாறுகிறதா? நடக்கும்போது ஒரு பக்கம் சாய்கிறதா? பார்வை இரண்டிரண்டாகத் தெரிகிறதா? இதுவரை வராத கடுமையான தலைவலியா? இதில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை வாயில் எதுவும் கொடுக்காதீர்கள், தண்ணீர்கூட வேண்டாம், புரையேறிவிடும். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். 'விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல நேரமே கிடையாது.

நெற்றிச் சோதனை உங்கள் பதற்றத்தைக் கொஞ்சம் தணிக்கும், அவ்வளவுதான். அதை வைத்து நீங்களே முடிவு செய்யாதீர்கள். எப்படியிருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சந்தேகம் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை: முகம் கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று எழுதி வையுங்கள். முந்தின நாள் யாராவது போட்டோ எடுத்திருந்தால் அதையும் பாருங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி 'எப்போதிலிருந்து?' என்பதுதான். அந்த 72 மணி நேரக் கணக்கும் அதிலிருந்துதான் ஓடும்.

2. முகவாதத்தின் அடையாளங்கள்

முகத்தசைகளை இயக்குவது ஏழாவது மூளை நரம்பு. அது காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குறுகலான பாதை வழியாக வருகிறது. அங்கே நரம்பு வீங்கினால் நெருக்குண்டு வேலையை நிறுத்திவிடும். வீக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் உடம்பில் ஏற்கெனவே உறங்கிக்கிடந்த ஹெர்பிஸ் வகை வைரஸ் விழித்துக்கொள்வதுதான் என்று கருதுகிறார்கள். உறுதியான காரணம் தெரியாமல் இப்படித் திடீரென்று வருவதைத்தான் மருந்துச் சீட்டில் பெல்ஸ் பால்சி என்று எழுதுவார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 15 முதல் 30 பேருக்கு வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கும், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்களுக்கும் கூடுதலாக வரும். இது ஒட்டுவாரொட்டி இல்லை. குழந்தையைத் தாராளமாகத் தூக்கிக் கொஞ்சலாம்.

வாய் கோணுவது, கண் மூடாதது தவிர வேறு சிலவும் கூடவே வரும். காதுக்குப் பின்னால் வலி இருக்கும். சிலருக்கு முகம் கோணுவதற்கு ஓரிரு நாள் முன்பே அது தொடங்கிவிடும். நாக்கின் முன்பகுதியில் ருசி மாறும், காபி வெந்நீர் போல இருக்கும். அந்தப் பக்கக் காதில் சின்னச் சத்தம்கூடப் பெரிதாக விழும், பாத்திரம் உரசினால் தாங்காது. கண்ணில் நீர் வழியும் அல்லது கண் வறண்டு உறுத்தும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் நிலைமை மோசமாகிக்கொண்டுதான் போகும். முதல் நாள் பாதி மூடிய கண் மூன்றாம் நாள் கொஞ்சமும் மூடாது. மாத்திரை போட்டும் இப்படி ஆகிறதே என்று பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நோயின் போக்கே அப்படித்தான். மாத்திரையைத் தொடருங்கள்.

சில அறிகுறிகள் இருந்தால் இது சாதாரண முகவாதமாக இருக்காது, டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டும். காதுமடலிலோ காதுக்குள்ளோ வாயிலோ கொப்புளம், கூடவே தலைசுற்றல் அல்லது காது கேட்பதில் குறை இருந்தால் அது அக்கி வைரஸால் வரும் வகை. அதற்கு வைரஸ் மருந்தும் கட்டாயம் வேண்டும். காதில் சீழ் வடிவது, காதுக்குக் கீழே கட்டி, பல வாரங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டே வருவது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விழுவது, இவற்றுக்கெல்லாம் வேறு காரணம் தேடியாக வேண்டும்.

3. யாரிடம் போவது, எங்கே போவது

நரம்பியல் டாக்டர், காது மூக்கு தொண்டை டாக்டர், பொது மருத்துவர் மூவருமே இதைப் பார்ப்பார்கள். இங்கேதான் பலர் நேரத்தைத் தொலைக்கிறார்கள். 'பெரிய நியூரோ டாக்டரிடம்தான் காட்டுவேன்' என்று அப்பாயின்ட்மென்ட் கேட்டால் அடுத்த வாரம்தான் கிடைக்கும். அதற்குள் 72 மணி நேரம் போய்விடும். முதல் மாத்திரையை எம்.டி. படித்த பொது மருத்துவர் தொடங்கினால் போதும். நியூரோ அப்பாயின்ட்மென்டை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அரசு மருத்துவமனை என்றால் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, நம்ம ஜி.எச்., இதற்கு நல்ல இடம். நரம்பியல், காது மூக்கு தொண்டை இரண்டு பிரிவுமே அங்கே உண்டு. வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி, நடுவில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, தெற்கே தள்ளி இருப்பவர்களுக்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புறநோயாளிப் பிரிவு காலையில்தான். சீக்கிரம் போய் வரிசையில் நின்றுவிடுங்கள், மதியம் போனால் பிரயோஜனமில்லை. ஞாயிறு, விடுமுறை நாட்களில் ஓ.பி. இருக்காது. ஆனால் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் இயங்கும். சனிக்கிழமை மாலை முகம் கோணியது என்று திங்கட்கிழமை வரை காத்திருக்காதீர்கள்.

சீட்டு போடும் இடத்தில் 'நரம்பு வலி' என்று பொதுவாகச் சொன்னால் எங்கெங்கோ அனுப்புவார்கள். 'நேற்று காலையிலிருந்து முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, கண் மூடவில்லை' என்று நேரத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். எங்கே போவது என்று புரியாவிட்டால் 104-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம், அது தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: ஆதார், பழைய மருந்துச் சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகள் அப்படியே, சர்க்கரை இருந்தால் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, காப்பீட்டு அட்டை அல்லது ஈ.எஸ்.ஐ. அட்டை. ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த முறை அது இல்லாமல் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

அரசு மருத்துவமனையில் பார்ப்பதும் மாத்திரையும் இலவசம். தனியாரில் நிபுணரைப் பார்க்க இடத்தைப் பொறுத்துச் சுமார் 500 முதல் 1,500 ரூபாய் வரை ஆகும்.

4. மாத்திரை: 72 மணி நேரத்துக்குள்

முகவாதத்தில் நிச்சயமாகப் பலன் தரும் என்று நிரூபணமான மருந்து பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. 2007-ல் ஸ்காட்லாந்தில் நடந்த பெரிய ஆய்வில், 72 மணி நேரத்துக்குள் இதைத் தொடங்கியவர்களில் 94 சதவீதம் பேருக்கு ஒன்பது மாதத்தில் முகம் முழுமையாகத் திரும்பியது. இந்த மருந்து தரப்படாதவர்களில் 82 சதவீதம்தான். மருந்தே இல்லாமலும் பெரும்பாலோருக்குச் சரியாகிறது என்பது உண்மை. ஆனால் அந்த மீதிப்பேரில் ஒருவராக நாம் இருக்கக் கூடாது அல்லவா?

பெரியவர்களுக்கு வழக்கமாக நாளுக்கு 50 மி.கி. வீதம் பத்து நாள், அல்லது 60 மி.கி. வீதம் ஐந்து நாள் கொடுத்து அப்புறம் நாளுக்குப் பத்துப் பத்தாகக் குறைப்பார்கள். இந்த மாத்திரை மிகவும் மலிவு, முழுக் கோர்ஸும் தனியார் கடையிலேயே நூறு ரூபாய்க்குப் பக்கத்தில்தான் வரும். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் போன்ற இடங்களில் இன்னும் குறையும்.

மோசமாக விழுந்திருந்தால் கூடவே வாலசைக்ளோவிர் அல்லது அசைக்ளோவிர் எழுதுவார்கள். இவை விலை கூடியவை, வாலசைக்ளோவிர் ஒரு வாரத்துக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டலாம். ஸ்டீராய்டோடு சேர்த்துத்தான் இதற்குப் பயன், தனியாகக் கொடுத்தால் முகவாதத்துக்கு உதவாது. சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

நான் நேரில் பார்த்த ஒரு பொறி உண்டு. எனக்குத் தெரிந்த ஒருவரை அவர் தெருமுனைக் கிளினிக்கில் ஒரு ஊசியும் ஆரஞ்சு நிற 'நரம்பு மாத்திரை'யும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அது வெறும் பி12 வைட்டமின். ஒரு வாரம் கழித்து வேறு டாக்டரிடம் போனபோதுதான் ஸ்டீராய்டே பேச்சில் வந்தது. அதனால் சீட்டை வாங்கியதும் கேளுங்கள்: 'டாக்டர், இதில் ஸ்டீராய்டு இருக்கிறதா? இல்லையென்றால் எனக்கு ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?' சரியான காரணம் இருந்தால் அவரே சொல்லுவார்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். அதற்காக மருந்தே வேண்டாம் என்று ஒதுங்கிவிடாமல், வீட்டில் குளுக்கோமீட்டரில் தினமும் பார்த்து, டாக்டரிடம் சர்க்கரை மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பம், காசநோய், வயிற்றுப்புண், மஞ்சள் காமாலை இவற்றில் எது இருந்தாலும் முன்பு இருந்திருந்தாலும் கட்டாயம் சொல்ல வேண்டும். மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். சாயங்காலத்துக்கு மேல் போட்டால் ராத்திரித் தூக்கம் போய்விடும். பசி அதிகமாகும், மனசு கொஞ்சம் படபடப்பாக இருக்கும், மருந்து முடிந்ததும் அடங்கிவிடும். 'ஸ்டீராய்டா, ஐயோ!' என்று வீட்டுப் பெரியவர்கள் பதறுவார்கள். பத்து நாள் கோர்ஸும் ஆண்டுக்கணக்கில் சாப்பிடுவதும் ஒன்றில்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். நடுவில் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

72 மணி நேரம் தாண்டிவிட்டது என்றாலும் டாக்டரிடம் போவதை விட்டுவிடாதீர்கள். அப்போதும் கொடுக்கலாமா என்று அவர் பார்த்துச் சொல்லுவார்.

5. கண்: முதல் இரவிலிருந்தே

எல்லோரும் வாய்க் கோணலைப் பார்த்துக் கவலைப்படுவார்கள். நிரந்தரமாகச் சேதமாகக் கூடியது கண். இமை மூடாமல் கருவிழி காய்ந்தால் அதில் புண் வரும், புண் ஆறினாலும் தழும்பு நின்று பார்வையைக் கெடுக்கும். முகம் மூன்று மாதத்தில் திரும்பலாம், கருவிழித் தழும்பு திரும்பாது. முதல் நாள் பார்க்கும் டாக்டர் அவசரத்தில் கண் மருந்து எழுத மறந்தால் நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. கார்பாக்ஸிமெத்தில்செல்லுலோஸ் என்று அட்டையில் இருக்கும், சுமார் 100 முதல் 250 ரூபாய். விழித்திருக்கும்போது ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விட வேண்டும். இவ்வளவு அடிக்கடி விடுவதால் பதப்பொருள் சேர்க்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். செல்போனில் அலாரம் வைத்துக்கொண்டால்தான் நினைவிருக்கும். கண்ணில் நீர் வழிகிறதே, சொட்டு எதற்கு என்று தோன்றும். இமை அசையாததால் அந்த நீர் கருவிழியில் பரவுவதில்லை, கன்னத்தில்தான் வழிகிறது. ஆகவே சொட்டு விடத்தான் வேண்டும்.

ராத்திரிக்கு ஜெல் அல்லது களிம்பு, அப்புறம் டேப். இதைச் சரியாகச் செய்வது முக்கியம், யாரும் பொறுமையாகச் சொல்லித் தருவதில்லை. மருந்துக்கடையில் அரை இஞ்ச் மைக்ரோபோர் காகித டேப் கேளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீழ் இமையை லேசாக இழுத்து அரிசி மணியளவு களிம்பை உள்ளே இடுங்கள். இமைக்கு வெளியே வழிந்ததைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், எண்ணெய்ப்பசை இருந்தால் டேப் நிற்காது. விரலால் மேல் இமையை மெதுவாகக் கீழே இறக்கி, கண் முழுதாக மூடியிருக்கும்போதே மேல் இமையிலிருந்து கன்னத்தை நோக்கி டேப்பை ஒட்டுங்கள். இமைமுடி உள்பக்கம் மடிந்திருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். டேப்புக்கு அடியில் இமை திறந்துகொண்டால் டேப்பே கருவிழியை உரசிப் புண்ணாக்கிவிடும். பஞ்சு வைத்துக் கட்டுவதிலும் இதே ஆபத்து இருக்கிறது, அதனால் கண் மூடியிருப்பதை உறுதி செய்யாமல் மேலே எதையும் வைக்காதீர்கள். காலையில் பிய்த்து இழுக்காமல் வெந்நீரில் நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு எடுங்கள்.

நம்ம ஊர் தூசிக்கும் வெயிலுக்கும் பக்கவாட்டையும் மூடும் கண்ணாடி வாங்கிவிடுங்கள். மெட்ரோ வேலை நடக்கும் சாலைகளில் கண்ணாடி இல்லாமல் போகவே போகாதீர்கள். டேப் ஒட்டிய கண்ணோடு வண்டி ஓட்டக் கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழேயும் ஏ.சி. காற்று முகத்தில் அடிக்கும் இடத்திலும் படுக்காதீர்கள். காற்று முகவாதத்தைக் கொண்டுவருவதில்லை, மூடாத கண்ணைத்தான் காயவைக்கும். மாஸ்க் போட்டு முகத்தை மறைப்பவர்கள் மேல் விளிம்பு மூக்கோடு படிந்திருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் மூச்சுக்காற்று நேராகக் கண்ணுக்குள் போகும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலும் சீயக்காயும் கொஞ்ச நாளுக்கு வேண்டாம். தாளிக்கும்போது அடுப்புக்கு முன்னால் நிற்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸ் வேண்டவே வேண்டாம். விளக்கெண்ணெய், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு என்று யார் எவ்வளவு அன்போடு சொன்னாலும் கண்ணில் விடாதீர்கள்.

கண் சிவந்தால், வலித்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா, பூந்தமல்லி அரவிந்த் என்று சென்னையில் இதற்கு இடப் பஞ்சம் இல்லை.

6. சாப்பாடு, பேச்சு

நல்ல பக்கத்தில் மெல்லுங்கள். செயலிழந்த கன்னத்துக்குள் சோறு தங்கும், கன்னமும் பல்லில் கடிபடும். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் விரலால் தடவி எடுத்துக் கொப்பளியுங்கள். குடிக்கும்போது உதட்டோரத்தை விரலால் சேர்த்துப் பிடித்தால் வழியாது. அண்ணாந்து குடிக்க வேண்டாம், புரையேறும். ப, ம எழுத்துகள் வரும் சொற்கள் சரியாக வராது. மெதுவாகப் பேசினால் போதும். முகம் காட்டி வருகை பதியும் கருவி உங்களை ஏற்க மறுக்கலாம், அலுவலகத்தில் முன்பே சொல்லிவையுங்கள். பாஸ்போர்ட் மாதிரி போட்டோ வேலைகளைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

7. ஸ்கேன் வேண்டுமா?

வழக்கமான முகவாதத்துக்கு எம்.ஆர்.ஐ. தேவையில்லை. டாக்டர் முகத்தைப் பரிசோதித்தாலே தெரிந்துவிடும். ரத்தத்தில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்தால் போதும். பக்கவாதச் சந்தேகம், இரண்டாம் பகுதியின் கடைசியில் சொன்ன வேறு அறிகுறிகள், மூன்று மாதமாகியும் அசைவே இல்லாத நிலை, திரும்பத் திரும்ப வருவது, இவற்றில் ஸ்கேன் அவசியம். தனியாரில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஸ்கேன் முடிவு வந்த பிறகுதான் மாத்திரை என்று யாராவது சொன்னால், இன்றைக்கே தொடங்கலாமா என்று கேளுங்கள்.

8. பிசியோதெரபி

முதல் இரண்டு மூன்று வாரம் முகம் அசையாதபோது பலம் போட்டுப் பயிற்சி செய்வதில் பலனில்லை. விரலால் மோவாயிலிருந்து மேல்நோக்கி, காதுப் பக்கமாக மெதுவாக நீவிவிடுங்கள், ஒரு நாளில் இரண்டு மூன்று முறை, ஐந்து நிமிடம் போதும்.

லேசாக அசைவு வரத் தொடங்கியதும் கண்ணாடி முன் பயிற்சி. புருவத்தைத் தூக்குவது, மூக்கைச் சுருக்குவது, உதட்டைக் குவிப்பது, பல் தெரியாமல் மெல்லச் சிரிப்பது, கண்ணை மெதுவாக மூடுவது. ஒவ்வொன்றும் நாலைந்து முறை, மெதுவாக, இரண்டு பக்கமும் சமமாக. நல்ல பக்கம் அதிகமாக இழுத்தால் அதை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பலூன் ஊது, பபிள்கம் மெல்லு என்பார்கள். அப்படிப் பலத்தைப் போட்டு எல்லாத் தசையையும் ஒரே நேரத்தில் இழுத்தால், நரம்பு தவறான தசையோடு சேர்ந்து வேலைசெய்யும் பழக்கத்துக்குப் போகக்கூடும். அப்புறம் சிரிக்கும்போது கண் சுருங்கும்.

கரன்ட் வைப்பது, அதாவது முகத்தசைக்கு லேசான மின்தூண்டல் கொடுப்பது, சென்னையில் பல பிசியோ மையங்களில் வழக்கமாக நடக்கிறது. அதனால் முகம் சீக்கிரம் திரும்புகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. என் கருத்து: நரம்பியல் டாக்டர் எழுதித் தராமல் கரன்டுக்குப் பணம் கட்டாதீர்கள். 'முப்பது சிட்டிங் முன்பணம் கட்டினால் தள்ளுபடி' என்று சொல்லும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஒரு சிட்டிங்குக்கு 300 முதல் 600 ரூபாய் வரை கேட்பார்கள். இரண்டு முறை போய்ப் பயிற்சிகளைச் சரியாகக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தால் பெரும்பாலோருக்குப் போதும்.

9. சித்தா, வீட்டு வைத்தியம்

நம்பிக்கை உள்ளவர்கள் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கோ, தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவமனைக்கோ போகலாம். பதிவு பெற்ற மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டீராய்டு கோர்ஸைத் தொடங்கிய பிறகு போங்கள், அங்கேயும் இந்த மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லுங்கள். பெயர் தெரியாத பொடி, பற்பம், காதிலும் மூக்கிலும் விடும் சாறு, முகத்தில் சூடு வைப்பது, இவை எதற்கும் முகத்தைக் கொடுக்காதீர்கள். முகத்தில் தொடு உணர்ச்சி இருக்கிறது என்பதால் ஒத்தடம் கொடுக்கலாம், ஆனால் மிதமான சூட்டில், கண்ணை விட்டுத் தள்ளி.

10. லீவு, காப்பீடு, காகிதங்கள்

தனியார் காப்பீடு பெரும்பாலும் 24 மணி நேரமாவது உள்நோயாளியாக இருந்தால்தான் பணம் தரும். முகவாதத்துக்குப் பெரும்பாலும் அட்மிஷனே தேவையில்லை. 'இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, ஒரு நாள் படுத்து எல்லா டெஸ்டும் எடுத்துவிடலாம்' என்று சொன்னால் யோசியுங்கள். பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்ததாகத் தெரிந்தால் பாலிசியின் விலக்கு விதியைக் காட்டி நிறுவனம் மறுத்துவிடும், முழு பில்லும் உங்கள் தலையில் விழும். பாலிசியில் புறநோயாளிச் செலவுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் ரசீதும் மருந்துச் சீட்டும் வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் முக்கியமாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான்.

ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் முதலில் தங்கள் மருந்தகத்துக்குப் போய்ப் பதிந்துவிடுங்கள். பெரிய சிகிச்சைக்கு கே.கே. நகர், அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் உண்டு. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு, தகுதி இருந்தால், சம்பளத்தில் 70 சதவீதம் வரை நோய்க்கால உதவி கிடைக்கும், ஆண்டுக்கு 91 நாள் வரை. அதற்கு ஈ.எஸ்.ஐ. டாக்டர் தரும் சான்றிதழ் வேண்டும். தனியார் டாக்டர் சீட்டை மட்டும் கொண்டுபோய் நின்றால் அலைச்சல்தான்.

மற்றவர்கள் முதல் நாளே மருத்துவச் சான்றிதழ் கேட்டு வாங்கிவிடுங்கள். உடம்பு நடமாடும் அளவுக்கு இருப்பதால் 'முகம்தானே, வேலைக்கு வரலாமே' என்பார்கள். கணினியை உற்றுப் பார்க்கும் வேலை, தூசியில் நிற்கும் வேலை, வண்டி ஓட்டும் வேலை என்றால் கண்ணைக் காரணம் காட்டி எழுதித் தரச் சொல்லுங்கள்.

11. எப்போது தேறும்

பெரும்பாலோருக்கு மூன்று வாரத்துக்குள் ஏதாவது ஒரு அசைவு தெரியும். ருசி சீக்கிரம் திரும்பினால் நல்ல அறிகுறி. வாரத்துக்கு ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு சின்ன வீடியோ எடுங்கள்: சும்மா இருப்பது, புருவம் தூக்குவது, கண் மூடுவது, சிரிப்பது. தினமும் கண்ணாடியைப் பார்த்தால் மாற்றமே தெரியாது, மனசு உடைந்துபோகும். வீடியோவில் தெரியும், டாக்டருக்கும் காட்டலாம்.

முதல் வாரக் கடைசியில் ஒரு முறை, மூன்றாம் வாரத்தில் ஒரு முறை டாக்டரைப் பாருங்கள். மூன்று மாதத்தில் முழுதாகத் திரும்பாவிட்டால் மறுபடி நரம்பியல் அல்லது காது மூக்கு தொண்டை நிபுணரிடம் கட்டாயம் போக வேண்டும். அதற்கு மேலும் சிலருக்கு மெதுவாக முன்னேற்றம் இருக்கும். சிரித்தால் கண் மூடுவது, சாப்பிட்டால் கண்ணீர் வருவது போன்றவை மிஞ்சினால் போடாக்ஸ் ஊசியும் அதற்கென்று தனியான பயிற்சியும் உண்டு. இமை மூடவே இல்லை என்றால் மேல் இமைக்குள் சின்ன எடை வைக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு, கண் இமை அறுவை நிபுணர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜனைக் கேளுங்கள்.

இந்தக் காலத்தில் கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகப் பிடிக்காது. போகாமல் இருப்பதில் தவறில்லை. ஆனால் வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல், சாப்பிடாமல், தூங்காமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. வீட்டில் இருப்பவர்கள் 'இன்னும் சரியாகலையா?' என்று தினமும் கேட்காமல் ராத்திரி டேப் ஒட்ட உதவினால் பெரிய உதவி.

சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் வரலாம், அதே பக்கமோ மறுபக்கமோ. அதனால் முதல் சீட்டு, மாத்திரை விவரம், வீடியோ எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருங்கள். மறுபடி வந்தால் பழைய மாத்திரையை நீங்களே எடுத்துப் போடாமல், கோப்போடு அன்றைக்கே போய்க் காட்டுங்கள். இரண்டாவது முறை என்பதால் இப்போது ஸ்கேன் வேண்டுமா என்றும் கேளுங்கள்.